150 டைரக்டரிகளில் பெயர் போட்டால் கடை கூகுளில் மேலே வருமா?

கேள்வி இதுதான்: "சேலம் செவ்வாய்பேட்டையில் அப்பா வெள்ளிக் கொலுசுக் கடை நடத்துகிறார். சில்லறை விற்பனையும் உண்டு, வெளியூர்க் கடைகளுக்கு மொத்தமாகவும் அனுப்புகிறோம். அண்ணன் ஏற்காட்டில் நான்கு அறைகள் கொண்ட ஹோம்ஸ்டே வைத்திருக்கிறார். கூகுளில் தேடினால் இரண்டுமே கீழே எங்கோ கிடக்கின்றன. 150 ஆன்லைன் டைரக்டரிகளில் இரண்டையும் பதிவு செய்து தருகிறேன், முதலிடத்துக்கு வந்துவிடும் என்று ஒருவர் 18,000 ரூபாய் கேட்கிறார். கொடுக்கலாமா?"

கொடுக்க வேண்டாம். ஆனால் அவர் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. அந்தப் பாதியை நீங்களும் உங்கள் அண்ணனும் நான்கைந்து மாலைகளில், கைக்காசு செலவில்லாமல் செய்துவிட முடியும். சேலத்தில் சிறு கடைகளுக்கும் பட்டறைகளுக்கும் பல ஆண்டுகளாக இந்த வேலையைச் செய்து வருகிறவன் என்ற முறையில் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் அந்த 150 என்ற எண் எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். இணையத்தின் தொடக்க காலத்தில் தேடுபொறியைவிட, தளங்களையும் கடைகளையும் வகைவகையாகத் தொகுத்துத் தரும் பட்டியலான டைரக்டரிதான் பெரிது. யாஹூவே 1994-இல் அப்படி ஒரு பட்டியலாகத்தான் பிறந்தது. 1998-இல் தொடங்கிய டிமாஸ் என்ற பட்டியலைத் தன்னார்வலர்கள் கையால் தொகுத்தார்கள். அவற்றில் இடம்பெற்ற தளத்துக்குத் தேடலில் மதிப்புக் கூடியது. அதைப் பார்த்து ஆயிரக்கணக்கான போலிப் பட்டியல்கள் முளைத்தன. அவற்றுக்கு வாசகரே கிடையாது. இணைப்பு கொடுப்பது மட்டுமே அவற்றின் தொழில். 2012-இல் பென்குயின் என்று பெயரிட்ட மாற்றத்தின் மூலம் கூகுள் இவ்வகை இணைப்புகளின் மேல் கை வைத்தது. யாஹூ டைரக்டரி 2014 இறுதியில் மூடப்பட்டது, டிமாஸ் 2017 மார்ச்சில். தரமற்ற டைரக்டரிகளிலிருந்து வரும் இணைப்புகளை மோசடி இணைப்புகளின் வகையில் கூகுள் தன் விதிகளிலேயே இன்று பெயர் சொல்லிச் சேர்த்திருக்கிறது. நல்ல டைரக்டரிகளிலும் பல, வெளியே செல்லும் இணைப்புகளில் 'இதைப் பரிந்துரையாகக் கருதாதே' என்ற குறியைச் சேர்த்துவிடுகின்றன. ஆகவே 150 இணைப்புகள் என்பது 2012-க்கு முன் செல்லுபடியான சரக்கு. அதற்கு இன்றைய விலை கேட்கிறார்கள்.

பிறகு டைரக்டரி எதற்கு? சாட்சிக்கு.

உள்ளூர்த் தேடலில் யாரை முன்னே காட்டுவது என்பதற்குக் கூகுள் மூன்று அளவுகோல்களை வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறது. தேடியதற்கும் கடைக்கும் உள்ள பொருத்தம், தேடுகிறவர் இருக்கும் இடத்திலிருந்து தொலைவு, கடை எவ்வளவு பெயர் பெற்றது என்பது. உள்ளூர் வரிசையில் மேலே வருவதற்குப் பணம் வாங்குவதில்லை என்பதையும் அதே மூச்சில் சொல்கிறது. தொலைவை நீங்கள் மாற்ற முடியாது. பொருத்தத்தையும் பிரபலத்தையும் கூட்டலாம். மூன்றாவதான பிரபலம், இணையத்தில் வேறு இடங்களில் உங்களைப் பற்றி என்ன இருக்கிறது என்பதையும் சார்ந்தது. அங்கேதான் டைரக்டரி வருகிறது. இப்படி ஒரு கடை உண்மையில் இருக்கிறது, இந்தத் தெருவில் இருக்கிறது, இந்த எண்ணில் பேசலாம் என்று கூகுளைச் சாராத இன்னொருவர் சொல்வது அது. அப்படிச் சொல்கிறவர்கள் எல்லாரும் ஒரே வார்த்தையாகச் சொன்னால் நம்பிக்கை பிறக்கும். பத்துச் சாட்சிகள் பத்து விதமாகச் சொன்னால் வழக்கே கெட்டுவிடும்.

ரேஷன் கார்டில் ஒரு பெயர், ஆதாரில் ஒரு பெயர், வங்கிப் பாஸ்புக்கில் இனிஷியல் முன்னால், பான் கார்டில் இனிஷியல் விரிந்து பின்னால் என்று அலைந்த அனுபவம் நம் வீடுகளில் யாருக்குத்தான் இல்லை? ஆள் ஒருவர்தான் என்று நமக்குத் தெரியும், கவுண்டரில் இருப்பவருக்குத் தெரியாது. உங்கள் கடைக்கும் இதே கதைதான் நடக்கிறது. பலகையில் 'ஸ்ரீ' இருக்கும், ஜிஎஸ்டி சான்றிதழில் இருக்காது. விசிட்டிங் கார்டில் 'சில்வர்ஸ்', பில் புத்தகத்தில் 'சில்வர் மார்ட்', கூகுள் மேப்பில் யாரோ வாடிக்கையாளர் சேர்த்துவைத்த 'கொலுசுக் கடை'. மனிதர் ஒருவர் பார்த்தால் சிரித்துக்கொண்டே புரிந்துகொள்வார். தகவலைத் திரட்டும் இயந்திரம் மூன்று கடைகள் என்று பிரித்துவைக்கும், அல்லது எது சரி என்று உறுதி இல்லாமல் மூன்றையுமே பின்னுக்குத் தள்ளும்.

சேலத்து முகவரிகளில் இந்தச் சிக்கல் இன்னும் அதிகம். செவ்வாய்பேட்டையை ஆங்கிலத்தில் எழுதும்போது ஒருவர் 'ஷெவபெட்' என்று ஒலிக்கும்படி எழுதுகிறார், ஒருவர் 'செவ்வாபேட்' என்று, இன்னொருவர் தமிழில் உள்ளபடியே முழுதாக. முதல் அக்ரஹாரம், இரண்டாம் அக்ரஹாரம் என்ற தெருப்பெயர்களில் எண்ணைச் சிலர் இலக்கமாகவும் சிலர் சொல்லாகவும் போடுகிறார்கள். கதவிலக்கத்தில் பழைய எண், புதிய எண் என்று இரண்டு. போதாக்குறைக்கு, 'லீ பஜார் பின்புறம்', 'தேர்முட்டி எதிரில்' என்ற அடையாளங்கள். அடையாளம் சொல்வது நம் ஊர் வழக்கம், தவறே இல்லை. வாடிக்கையாளருக்கு அதுதான் கைகொடுக்கும். ஆனால் அதை ஒரு இடத்தில் சேர்த்து இன்னொரு இடத்தில் விட்டுவிடுவதுதான் குழப்பம். ஐந்து ரோடு பகுதியில் இருப்பவர்களுக்கு வேறு தொல்லையும் உண்டு. 2020-இல் ஈரடுக்கு மேம்பாலம் திறந்த பிறகு, மேப்பில் வைத்த புள்ளி சில அடி தள்ளியிருந்தாலும் வழிகாட்டி வண்டியைப் பாலத்தின் மேல் ஏற்றிவிடும். கடை கீழே இருக்கும்.

எனவே எந்த டைரக்டரியையும் தொடுவதற்கு முன் ஒரு தாளை எடுங்கள். கடையின் பெயர், முழு முகவரி, பின்கோடு, தொலைபேசி எண், வேலை நேரம், கடையைப் பற்றி நான்கு வரி. ஆங்கிலத்தில் ஒரு வடிவம், தமிழில் ஒரு வடிவம். எந்த எழுத்துக்கூட்டல், எந்தக் கதவிலக்கம், எந்த அடையாளம் என்பதை அப்பாவுடன் உட்கார்ந்து ஒரே முறை முடிவு செய்யுங்கள். பெயர் பலகையில் இருப்பது எதுவோ அதுவே பெயர். கூகுளின் விதியும் அதுதான். 'சேலம் மொத்த விலை வெள்ளிக் கொலுசு மெட்டி அரைஞாண்' என்று பெயருடன் வாலைச் சேர்த்து எழுதும்படி உங்களிடம் வந்தவர் சொல்லக்கூடும். சிலர் அப்படி எழுதி மேலே நிற்பதையும் நீங்கள் பார்த்திருப்பீர்கள். அது விதிமீறல், புகார் போனால் பதிவே முடக்கப்படலாம். முப்பது நாற்பது ஆண்டுக் கடையின் பெயரை அதற்காகப் பணயம் வைக்க வேண்டாம் என்று உண்மையான அக்கறையோடு சொல்கிறேன்.

தொலைபேசி எண்ணில் கவனம் இன்னும் கூடுதலாக வேண்டும். 0427-இல் தொடங்கும் பழைய தரைவழி எண் எங்கோ ஒரு பக்கத்தில் இன்னும் இருக்கும். அப்பாவின் கைபேசி எண் ஒரு இடத்தில், கடைப்பையன் பதிந்த அவனுடைய எண் ஒரு இடத்தில். சில டைரக்டரிகள் உங்கள் எண்ணை மறைத்துத் தங்களுடைய இடைநிலை எண்ணைக் காட்டும். அழைப்பு அங்கே போய் உங்களுக்குத் திரும்பும். எத்தனை அழைப்பு வந்தது என்று உங்களுக்குக் கணக்குக் காட்டுவதற்கு அது அவர்களுக்கு உதவும். ஆனால் அந்த எண்ணை எடுத்து உங்கள் பலகையிலோ கூகுள் பதிவிலோ போட்டுவிடாதீர்கள். ஒப்பந்தம் முடிந்த மறுநாள் அந்த எண் உங்களுடையதாக இருக்காது.

அடுத்த மாலை, தேடும் வேலை. கடையின் பெயரை அதன் எல்லா எழுத்துக்கூட்டல்களிலும், உங்கள் எல்லா எண்களையும், பழைய முகவரியையும் ஒவ்வொன்றாகக் கூகுளில் போட்டுத் தேடுங்கள். நீங்கள் பதியாமலேயே உங்கள் கடை பத்துப் பன்னிரண்டு இடங்களில் இருப்பதைக் காண்பீர்கள். டைரக்டரிகள் ஒன்றிலிருந்து ஒன்று நகலெடுப்பவை. ஒரு பிழை நாலு இடத்துக்குப் பரவியிருக்கும். ஒவ்வொன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். புதிதாக ஒன்றைச் சேர்ப்பதைவிடப் பழைய பிழை ஒன்றைத் திருத்துவதற்கு மதிப்பு அதிகம். என் அனுபவத்தில் நான் உறுதியாகச் சொல்லக்கூடிய ஒன்று இது.

எப்படி இந்த உறுதி வந்தது என்று சொல்கிறேன். முதல் அக்ரஹாரத்திலிருந்து அஸ்தம்பட்டிக்கு மாறிய ஒரு தையல் கடை. பெண்களுக்கான ரவிக்கை தைப்பதில் பெயர் பெற்றவர்கள். புதிய இடத்துக்கு வந்ததும் கூகுள் பதிவில் முகவரியை நான்தான் மாற்றிக்கொடுத்தேன். மற்ற டைரக்டரிகளைத் தொடவில்லை, தேவையில்லை என்று நினைத்தேன். மூன்று வாரத்தில் கூகுளில் புள்ளி பழைய தெருவுக்கே திரும்பிப் போயிருந்தது. மாற்றினேன், மறுபடியும் போயிற்று. பழைய முகவரியைப் பார்த்துப் போன வாடிக்கையாளர்கள் நல்லெண்ணத்தில் 'திருத்தம் பரிந்துரை' அனுப்பிக்கொண்டிருந்தார்கள், மூன்று டைரக்டரிகள் அதற்கு ஒத்துச் சாட்சி சொல்லிக்கொண்டிருந்தன என்பது பிறகுதான் தெரிந்தது. முகூர்த்த நாளுக்கு முந்திய மாலை, தைத்த ரவிக்கையை வாங்க வந்த ஒரு மணப்பெண்ணின் அம்மா பூட்டிய பழைய கடையின் முன் நின்று அழுதார் என்று கடைக்கார அம்மா என்னிடம் சொன்னபோது எனக்கு நேர்ந்த வேதனையை இன்னும் மறக்கவில்லை. அந்த வாரமே மூன்று டைரக்டரிகளையும் திருத்தினேன். அதன் பிறகு புள்ளி நகரவில்லை.

இனி எந்த டைரக்டரிகள் என்ற கேள்வி. கடைக்கு ஒரு பட்டியல், ஹோம்ஸ்டேவுக்கு வேறு பட்டியல். இரண்டையும் ஒரே 150-இல் போடுகிறேன் என்று ஒருவர் சொன்னாலே அவருக்கு இந்தத் தொழில் தெரியவில்லை என்று பொருள்.

இரண்டுக்கும் பொதுவான அடித்தளம் கூகுள் பிசினஸ் புரொஃபைல். 2021 வரை கூகுள் மை பிசினஸ் என்று அழைக்கப்பட்டது. இலவசம். முன்பு தபாலில் அட்டை அனுப்பி எண் கேட்பார்கள், இப்போது பெரும்பாலும் காணொளி மூலம் சரிபார்க்கிறார்கள். தெருவையும் பெயர்ப்பலகையையும் காட்டி, உள்ளே சென்று சரக்கைக் காட்டி, பூட்டைத் திறப்பதோ கல்லாவைத் திறப்பதோ போல நடத்துகிறவர் நீங்கள்தான் என்பதைக் காட்டி, வெட்டாமல் ஒட்டாமல் ஒரே ஓட்டமாக எடுக்க வேண்டும். அரை நிமிடத்துக்குக் குறையக் கூடாது. தெருவில் கூட்டம் சேருவதற்கு முன், காலையில் எடுத்துவிடுங்கள். இதை முடித்த பிறகு அதே விவரத்தை மைக்ரோசாஃப்டின் பிங் பிளேசஸுக்கு இறக்குமதி செய்துகொள்ளலாம், சில நிமிட வேலை. ஐபோன் வைத்திருப்பவர்கள் பார்க்கும் ஆப்பிள் மேப்புக்கு, 2023-இல் ஆப்பிள் பிசினஸ் கனெக்ட் என்ற பெயரில் தொடங்கிய ஆப்பிளின் வணிகப் பதிவுத் தளம் மூலம் பதியலாம்.

கடைக்கு அடுத்தது ஜஸ்ட்டயல். 1996-இல் தொலைபேசியில் கேட்டால் எண் சொல்லும் சேவையாகத் தொடங்கிய நிறுவனம். சேலம் மாதிரி ஊர்களில் நாற்பது வயதுக்கு மேற்பட்டவர்கள் இன்னும் அதைத்தான் முதலில் திறக்கிறார்கள். இலவசப் பதிவே போதும். பதிந்த மறுநாளிலிருந்து கட்டணத் திட்டம் விற்க அழைப்பு வரும். வேண்டாம் என்று மரியாதையாகச் சொல்லிவிடுங்கள். மொத்த வியாபாரத்துக்கு இந்தியாமார்ட்டில் பதிவது பயன் தரும், ஏனென்றால் அங்கே தேடப்படுவது பொருள்தான், கடை அன்று. கொலுசை வகை வகையாகப் பிரித்து, ஒவ்வொரு வகைக்கும் படம், எடை, குறைந்தபட்ச அளவு என்று தனித்தனியாகப் போடுங்கள். ராஜமுந்திரியிலோ ஹூப்ளியிலோ இருக்கும் நகைக்கடைக்காரர் அங்கேதான் உங்களைக் கண்டுபிடிப்பார். ஒரே விசாரணை உங்களைப் போன்ற பலருக்கும் போகும் என்பதால் முதலில் பதில் சொல்கிறவருக்கே வாய்ப்பு. அதற்கு ஆள் இல்லையென்றால் கட்டணம் கட்டுவதில் பொருளில்லை. சுலேகா வீட்டுக்கு வந்து செய்யும் சேவைகளுக்கும் வகுப்புகளுக்கும் நல்லது, உங்களுக்குத் தேவையில்லை. வெள்ளிக்கும் ஹால்மார்க் உண்டல்லவா, அதற்காக பிஐஎஸ் எனப்படும் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தில் பதிவு எடுத்திருந்தால் அங்குள்ள பெயரும் முகவரியும் உங்கள் தாளோடு ஒத்துப்போகட்டும். அதைவிட நம்பத்தகுந்த சாட்சி வேறு கிடைக்காது.

கூகுளில் கடையின் வகையைத் தேர்வதில் அவசரம் வேண்டாம். முதன்மை வகை ஒன்று, கூடுதலாக ஒன்பது வரை சேர்க்கலாம். பொதுவாக 'நகைக்கடை' என்று போட்டால் தங்க மாளிகைகளோடு மோத வேண்டும். பட்டியலில் உங்கள் தொழிலுக்கு மிக நெருக்கமான வகையை முதன்மையாக வையுங்கள். விவரக்குறிப்புக்கு 750 எழுத்துகள் இடம் தருகிறார்கள். பட்டறை சொந்தமா, எத்தனை நாளில் செய்து தருவீர்கள், பழைய வெள்ளி மாற்றிக்கொள்வீர்களா என்று அதில் தெளிவாக எழுதுங்கள். 'தரமே எங்கள் தாரக மந்திரம்' போன்ற வரிகளால் யாருக்கும் எதுவும் தெரிவதில்லை. வேலை நேரத்தைப் போடும்போது விடுமுறைகளையும் போட மறக்காதீர்கள். பொங்கல், தீபாவளி மட்டுமன்று. கோட்டை மாரியம்மன் ஆடித் திருவிழாவின்போது நம் ஊர் எப்படி இயங்கும் என்று வெளியூர்க்காரருக்குத் தெரியாது. திறந்திருக்கிறது என்று கூகுள் சொல்லி, நாமக்கல்லிலிருந்து வந்தவர் மூடிய கதவைப் பார்த்தால் ஒரு நட்சத்திரக் கருத்து அன்றைக்கே விழும்.

ஏற்காட்டுக் கதை வேறு. கொலுசுக் கடையைத் தேடுகிறவர் பெரும்பாலும் சேலத்துக்குள் இருந்துகொண்டே தேடுகிறார். தொலைவு அவருக்கு முக்கியம். ஹோம்ஸ்டேயைத் தேடுகிறவர் சென்னையிலோ பெங்களூரிலோ வீட்டில் இருந்தபடி 'ஏற்காடு ஹோம்ஸ்டே' என்று ஊர்ப்பெயரைச் சேர்த்தே தேடுகிறார். அப்போது முகவரியில் ஊர் என்ன என்பது முதல் கேள்வியாகிவிடுகிறது. மாவட்டப் பெயர் என்பதால் பலர் ஊர் என்ற இடத்தில் 'சேலம்' என்று போட்டுவிடுகிறார்கள். ஊர் ஏற்காடு, மாவட்டம் சேலம், பின்கோடு 636601. இதை எல்லா இடத்திலும் சரிபாருங்கள். வெள்ளைக்காரர் காலத்திலிருந்து வரும் ஆங்கில எழுத்துக்கூட்டலையே ஆங்கிலப் பதிவில் வையுங்கள். நம் உச்சரிப்புக்கு நெருக்கமாக எழுத ஆசைப்பட்டால் தேடலில் காணாமல் போவீர்கள். தமிழ் விவரத்தில் 'ஏற்காடு', 'சேர்வராயன் மலை' என்ற இரண்டு பெயர்களையும் இயல்பாக வரும் இடத்தில் பயன்படுத்துங்கள்.

மலையில் மேப் புள்ளிதான் உயிர். காபித் தோட்டங்களுக்குள் இருக்கும் வீடுகளுக்குத் தெருப்பெயரும் இல்லை, வரிசையான கதவிலக்கமும் இல்லை. முகவரியை மட்டும் எழுதினால் கூகுள் புள்ளியைத் தன் இஷ்டத்துக்குத் தோட்டத்தின் நடுவில் வைத்துவிடும். வழிகாட்டி அதற்கு அருகிலுள்ள ஏதோ ஒரு எஸ்டேட் பாதையைக் காட்டும். முடிவில் பூட்டிய கேட் இருக்கும். இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து களைத்து வந்த குடும்பம் இருட்டில் அங்கே நின்றால் எப்படி இருக்கும்? உங்கள் அண்ணன் கைபேசியோடு தன் வாசலில் நின்று, செயற்கைக்கோள் படத்தைப் பெரிதாக்கி, வண்டி நுழையும் வாயிலின் மேல் புள்ளியை இழுத்து வைக்க வேண்டும். பிறகு அந்த இடத்துக்குக் கூகுள் மேப் தரும் சிறு குறியீடான பிளஸ் கோடை எடுத்து எல்லாப் பதிவுகளிலும் முகவரியோடு சேர்க்கலாம். அஞ்சல் துறை 2025-இல் கொண்டுவந்த டிஜிபின் நாட்டையே ஏறத்தாழ நான்கு மீட்டர் சதுரங்களாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் பத்து எழுத்துக் குறியீடு தருகிறது. மலைவீடுகளுக்கு என்றே செய்தது போன்ற ஏற்பாடு, இப்போதே எடுத்துக் குறித்துவையுங்கள். மலைப்பாதையில் கைபேசிச் சிக்னல் விட்டுவிட்டு வரும். ஆகவே 'அடிவாரத்திலேயே மேப்பை இறக்கிக்கொள்ளுங்கள்' என்று பதிவிலும் முன்பதிவுச் செய்தியிலும் ஒரு வரி எழுதுங்கள். குப்பனூர் வழியாக வந்தால் எப்படித் திரும்புவது என்பதையும் சேர்த்துவிடுங்கள். மே மாதக் கோடை விழா நாட்களில் கூட்டத்தைப் பொறுத்துப் பாதையை மாற்றிவிடுவதுண்டு.

இன்னொரு விதியையும் உங்கள் அண்ணன் அறிந்திருக்க வேண்டும். சாவியைக் கொடுத்துவிட்டு ஆளில்லாமல் வாடகைக்கு விடும் விடுமுறை வீடுகளுக்குக் கூகுள் தனிப்பதிவு தருவதில்லை. விருந்தினரை வரவேற்க ஆள் இருக்கும் விடுதிக்குத்தான் தரும். அண்ணனே அங்கே தங்கி நடத்துகிறார் என்றால் சிக்கல் இல்லை; சரிபார்ப்புக் காணொளியில் வரவேற்கும் இடமும் பெயர்ப்பலகையும் தெரியட்டும். தங்கும் இடங்களுக்கு வேலை நேரத்துக்குப் பதிலாக வரும் நேரம், கிளம்பும் நேரம் கேட்பார்கள். ஜஸ்ட்டயலைவிட டிரிப்அட்வைசரும் மேக்மைடிரிப் போன்ற முன்பதிவுத் தளங்களும் இவருக்கு வலுவான சாட்சிகள். கமிஷன் கொடுக்க விருப்பமில்லையென்றால், முன்பதிவுத் தளங்களில் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டால்கூடப் போதும். ஆனால் அதில் உள்ள பெயர் கூகுளில் உள்ள பெயராகவே இருக்க வேண்டும். ஒன்றில் 'எஸ்டேட் ஸ்டே', இன்னொன்றில் 'காட்டேஜ்' என்று வைத்தால் மறுபடியும் இரண்டு ஆட்கள். மத்தியச் சுற்றுலா அமைச்சகம் விடுதிகளுக்காக நடத்தும் 'நிதி' என்ற தகவல் தளத்திலும் பதிந்துவைப்பது நல்லது. அரசுப் பதிவு என்பது வாடிக்கையாளரை உடனே கொண்டுவராவிட்டாலும் உண்மையான இடம் என்பதற்குச் சான்றாக நிற்கும்.

கருத்துகளைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை, நேர்மையாக இருந்தால் போதும். தள்ளுபடி கொடுத்து நட்சத்திரம் வாங்குவதைக் கூகுள் தடை செய்திருக்கிறது. போலிக் கருத்துகளைத் தடுக்க இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2022-இல் ஐஎஸ் 19000 என்ற தரநிலையையே வெளியிட்டது. திருப்தியோடு கிளம்புகிறவரிடம் "இரண்டு வரி எழுதுங்கள், தமிழிலேயே எழுதலாம்" என்று நேரில் கேளுங்கள். 'பாப்பாவுக்கு முத்துக் கொலுசு வாங்கினோம்' என்று ஒருவர் தமிழில் எழுதினால், முத்துக் கொலுசு என்று தமிழில் தேடும் அடுத்தவருக்கு உங்கள் கடை பொருத்தமானதாகத் தெரிய ஒரு வழி பிறக்கிறது. குறை சொன்னவருக்கும் பதில் எழுதுங்கள். அந்தப் பதிலைக் குறை சொன்னவரைவிட, முடிவெடுக்கத் தயங்கி நிற்கும் ஐம்பது பேர் படிக்கிறார்கள்.

நான் மிகவும் கவலைப்படுவது உரிமை பற்றித்தான். உங்களிடம் வந்தவர் "உங்களுக்கு ஒரு தொல்லையும் வேண்டாம், எல்லாவற்றையும் என் மெயிலிலேயே பதிந்துவிடுகிறேன்" என்று சொல்வார். சம்மதிக்காதீர்கள். என்னிடம் வந்த ஒரு மெஸ் உரிமையாளரின் கூகுள் பதிவு அப்படி ஒருவர் கையில் சிக்கியிருந்தது. ஆண்டுச் சந்தாவைப் புதுப்பிக்கவில்லை என்பதற்காக அதில் 'நிரந்தரமாக மூடப்பட்டது' என்று குறித்துவிட்டார்கள். மீட்டெடுப்பதற்குள் ஒரு சீசன் வியாபாரம் போய்விட்டது. பதிவு எப்போதும் உங்கள் குடும்ப மின்னஞ்சலில் இருக்கட்டும், உரிமையாளர் என்ற இடத்தில் அப்பா இருக்கட்டும். வேலை செய்பவருக்கு மேலாளர் அனுமதி மட்டும் கொடுங்கள், வேலை முடிந்ததும் எடுத்துவிடுங்கள். ஏற்கெனவே வேறொருவர் கையில் இருந்தால் கூகுளிலேயே உரிமை கோரும் வசதி உண்டு. இப்போது வைத்திருப்பவருக்குப் பதில் சொல்ல மூன்று நாள் அவகாசம். கூகுளிலிருந்து பேசுகிறோம், பணம் கட்டாவிட்டால் பதிவை நீக்கிவிடுவோம் என்று வரும் அழைப்புகள் எல்லாம் பொய். ஓடிபி கேட்டால் துண்டித்துவிடுங்கள். பணம் போய்விட்டால் 1930 என்ற எண்ணுக்கு உடனே சொல்லுங்கள்.

இவ்வளவும் முடிந்த பிறகு 18,000 ரூபாய் மிச்சமிருக்கும். அதில் ஒரு பகுதியை நல்ல படங்களுக்குச் செலவழியுங்கள். பட்டறையில் கொலுசுக்குச் சலங்கை கோக்கும் கை, அண்ணன் வீட்டு முற்றத்தில் விடியற்காலை மூடுபனி, அறைக்குள் கட்டிலும் குளியலறையும் உள்ளபடியே. இணையத்திலிருந்து எடுத்த படம் ஒன்றுகூட வேண்டாம். கல்லாவின் பக்கத்தில் ஒரு நோட்டு வைத்து, புதிதாக வரும் ஒவ்வொருவரிடமும் எங்கே பார்த்து வந்தீர்கள் என்று கேட்டு எழுதுங்கள். எத்தனை பேர் அழைத்தார்கள், எத்தனை பேர் வழி கேட்டார்கள் என்று கூகுள் தரும் கணக்கோடு அதை மூன்று மாதம் ஒப்பிட்டுப் பாருங்கள். எந்த டைரக்டரிக்குக் கட்டணம் கொடுக்கலாம், கொடுக்க வேண்டுமா என்பதை அந்த நோட்டு சொல்லும்.

வேலையைத் தொடங்கும் முன் ஒரு சின்ன விஷயம். அப்பாவோ அண்ணனோ எண் மாற்றியிருந்தால், பழைய சிம் எங்கே என்று இன்றைக்கே தேடுங்கள். டைரக்டரிகளில் பழைய பதிவைத் திருத்தப் போகும்போது ஓடிபி அந்தப் பழைய எண்ணுக்குத்தான் போகும். தொண்ணூறு நாள் பயன்படுத்தாமல் விட்ட எண்ணை நிறுவனம் துண்டித்து, பிறகு வேறொருவருக்குக் கொடுத்துவிடலாம். அப்படிப் போய்விட்டால் ஒவ்வொரு தளத்துக்கும் கடைப் பலகையின் படமும் ஜிஎஸ்டி சான்றிதழும் அனுப்பி, பதிலுக்குக் காத்திருக்க வேண்டியிருக்கும். சிம் கிடைத்தால் சிறிய தொகைக்கு ரீசார்ஜ் செய்து, திருத்த வேலை முழுதும் முடியும் வரை ஒரு பழைய கைபேசியில் போட்டுக் கடையிலேயே வையுங்கள்.